பின் இருக்கையில் நாற்பது நிமிடம்

பினாங்குக்கு வந்த முதல் வாரம், வெல்ட் கீ படகுத்துறைக்கு எதிரே சாலையைக் கடக்க நின்றிருந்தபோது, ஜாக்கெட்டை முன்பின்னாக மாட்டிக்கொண்டவர்கள் மோட்டார் சைக்கிள்களில் வரிசையாகப் போவதைப் பார்த்தேன். ஒருவர் இருவரல்ல, பத்துப் பதினைந்து பேர். ஜாக்கெட்டின் முதுகுத்துணி நெஞ்சை மூடியிருந்தது. ஜிப் பின்னால் திறந்து கிடந்து காற்றில் படபடத்தது. ஏதோ வேண்டுதல் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். வேண்டுதல் என்று வந்துவிட்டால் நம் ஜனங்கள் செய்யாததா? மறுநாள் நான் வேலைக்குச் சேர்ந்திருந்த தொழிற்சாலையில் விசாரித்தபோது விழுந்து விழுந்து சிரித்தார்கள். எதிர்க்காற்று நெஞ்சில் ஏறாது, வெயிலில் கை கறுக்காது, நினைத்த நொடியில் உருவி எறியலாம், அவ்வளவுதான் விஷயம். ஆறு வருடமாகிவிட்டது. இப்போது நானும் அப்படித்தான் மாட்டுகிறேன். போன முறை ஓசூர் போயிருந்தபோது தம்பியின் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு, பழக்கதோஷத்தில் ஸ்வெட்டரைத் திருப்பி மாட்டியபடி பாகலூர் ரோடு முழுக்கச் சுற்றினேன். ஊரே என்னைத் திரும்பிப் பார்த்தது. ஏன் பார்க்கிறார்கள் என்று வீட்டுக்கு வந்து கண்ணாடி பார்க்கும்வரை எனக்குப் புரியவில்லை.

அந்தத் திருப்பி மாட்டிய ஜாக்கெட்டோடுதான் நாற்பத்தாறு வயதில் ஒரு பெரிய வண்டி வாங்கக் கிளம்பினேன். பெரிய வண்டி என்றால் இருநூற்றைம்பது சிசி. என் லைசென்ஸுக்கு அதுதான் எல்லை. ஜெலுத்தோங்கில் இருக்கும் எங்கள் அடுக்ககத்தில், ஃபிரிட்ஜ் கதவு முழுக்க வண்டிப் படங்களை ஒட்டி வைத்திருந்தேன். காலையில் பால் எடுக்கும்போது ஒரு வண்டி பிடிக்கும். இரவு தயிரை உள்ளே வைக்கும்போது வேறொன்று பிடிக்கும். வண்டி வாங்கியதும் பட்டர்வொர்த்தில் ஆரம்பித்து, பாலிங், கிரிக் வழியாக மலையேறி, அந்தப் பக்கம் கோத்தா பாருவில் கிழக்குக் கடலைத் தொட வேண்டும். வரைபடத்தை விரித்தாலே எனக்கு உள்ளங்கை வேர்த்தது. லைசென்ஸ் வாங்கியதே பெரிய கதை. ஓசூரில் எட்டு போட்டுக் காட்டினால் லைசென்ஸ். இங்கே ஆள் அகலம்கூட இல்லாத ஒரு நீளப் பலகைமேல் வண்டியை ஏற்றி, கீழே விழாமல் நேராகப் போக வேண்டும். அதுவும் மெதுவாக. பயத்தில் விரட்டிக் கடந்துவிட்டால் தோல்வி. இரண்டு முறை தோற்றேன். மூன்றாம் முறை மனசுக்குள் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டே கடந்தேன்.

படம் ஒட்டியாகிவிட்டது, லைசென்ஸ் வந்தாகிவிட்டது. ஆனால் என்னோடு வரவேண்டிய ஆள் வரமாட்டேன் என்றார். என் கணவர் சண்முகம்.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் ஓசூருக்குப் போக வேண்டும். நான் அங்கே இருசக்கர வண்டிகளுக்கு இருக்கை செய்துகொடுக்கும் ஒரு சின்ன கம்பெனியில் பதினோரு வருடம் வேலை பார்த்தேன். ஃபோம் பரிசோதனைப் பிரிவு. ஓர் இரும்புத் தட்டு ராப்பகலாக இருக்கையை அமுக்கி அமுக்கி எடுக்கும். அது போதாதென்று மனிதர்களையும் உட்காரவைப்போம். கையில் செய்தித்தாளைக் கொடுத்து நாற்பது நிமிடம் எழுந்திருக்கக் கூடாது என்போம். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எங்கே வலிக்கிறது என்று கேட்டு, உடம்புப் படத்தில் புள்ளி வைப்போம். முதல் இருபது நிமிடத்தில் எல்லா இருக்கையும் நல்ல இருக்கைதான். அதன் குணம் தெரிய நாற்பது நிமிடமாகும் என்பது எங்கள் பிரிவின் கணக்கு. பின் இருக்கைக்கு மட்டும் தனிப் பரிசோதனை உண்டு. நம் ஊரில் பெண்கள் சேலையோடு ஒருபக்கமாகத்தானே உட்காருகிறார்கள்? அதனால் எடை முழுக்க இடது ஓரத்தில் இறங்கும் என்று வைத்து, அந்த ஓரத்து ஃபோமை மட்டும் அழுத்தமாக வார்ப்போம். பினாங்கில் எந்த வண்டியிலும் அப்படி ஓர் ஓரம் கிடையாது. சேலை சக்கரத்தில் மாட்டாமலிருக்கப் போடுகிற கம்பியும் கிடையாது. வந்த புதிதில் வண்டிகளைப் பார்த்தால் ஏதோ குறைகிற மாதிரியே இருக்கும். அது அந்தக் கம்பிதான் என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு மாதமானது.

கல்யாணமான வருடம் நானும் சண்முகமும் கன்னியாகுமரிக்கு வண்டியிலேயே போவதென்று கிளம்பினோம். ஓசூரிலிருந்து கன்னியாகுமரி! கேட்டவர்களெல்லாம் சிரித்தார்கள். பட்டுச்சேலை வேறு, வழியில் அவர் அத்தை வீடு இருந்ததால் சுடிதார் கூடாதென்று உத்தரவு. கிருஷ்ணகிரிவரை பாட்டுப் பாடிக்கொண்டு போனேன். தருமபுரியில் பாட்டு நின்றது. தொப்பூர் கணவாய் இறங்குவதற்கு முன்னால் ஒரு டீக்கடையில் நிறுத்தியபோது, இறங்கக் காலை ஊன்றினேன், கால் இல்லை. இடுப்புக்குக் கீழே இடதுபக்கம் மரத்துப்போய் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். பெஞ்சில் படுக்கவைத்து டீ வாங்கிக் கொடுத்தார். ஒரு மணி நேரம் கழித்து வண்டியை ஓசூர் பக்கம் திருப்பினார். வீட்டில் எல்லோரும் கேட்டபோது, "வண்டி மக்கர் பண்ணிடுச்சு" என்றார். பாவம், அந்த வண்டி அதன் ஆயுளில் ஒருநாளும் மக்கர் பண்ணியதில்லை. ஆனாலும் அவர் அதை விற்கும்வரை எங்கள் சொந்தக்காரர்கள் அதை ஓட்டை வண்டி என்றே அழைத்தார்கள். உண்மையை இன்றுவரை அவர் யாருக்கும் சொல்லவில்லை. நான்தான் இப்போது உங்களுக்குச் சொல்கிறேன்.

அப்புறம் எனக்கு பினாங்கில் பத்து காவான் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டு வேலை கிடைத்து, இருவரும் இங்கே வந்தோம். வந்த இரண்டாம் வருடம் அவருடைய வலது கண்ணில் விழித்திரை கிழிந்தது. அறுவை சிகிச்சை செய்தும் அந்தக் கண்ணில் வெளிச்சம் மட்டும்தான் மிச்சம். இடது கண் நன்றாக இருக்கிறது. ஆனால் தூரத்தைக் கணிக்க முடியாது, இனி வண்டி ஓட்ட வேண்டாம் என்று டாக்டர் சொன்னார். அவர் தலையாட்டிவிட்டு வெளியே வந்து, வண்டிச் சாவியை என் கைப்பைக்குள் போட்டார். அதைப் பற்றி அவர் பேசியது அவ்வளவுதான். இப்போது ஓசூர் நண்பர் ஒருவரின் லாரி கம்பெனிக்கு இங்கிருந்தபடியே போனில் வேலை பார்க்கிறார். ஜெலுத்தோங் வீட்டுப் பால்கனியில் கைலியோடு உட்கார்ந்துகொண்டு, நாமக்கல் டிரைவருக்கும் ராசிபுரம் டிரைவருக்கும் வழி சொல்வார். எந்தத் திருப்பத்தில் பள்ளம், எந்தப் பாலத்தடியில் உயரமான லோடு இடிக்கும் என்பதெல்லாம் அவருக்கு அத்துபடி. வெளியே கிளம்புவதென்றால் மட்டும் பேருந்து. என் சின்ன கப்சாய் வண்டியில், இங்கே தெருவுக்கு நூறு ஓடுமே அந்த வகை, பின்னால் உட்காரச் சொன்னால், "கிட்டத்துல போறதுக்கு எதுக்கு? நடந்தே வரேன்" என்பார். தூரமாகப் போவதென்றால், "அவ்வளவு தூரம் அதுலயா?" என்பார். ஒரு நாள் நேராகவே கேட்டுவிட்டேன்.

"ஏங்க, நான் ஓட்டி நீங்க பின்னாடி உக்கார்றதுதான் பிரச்சனையா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல ஜெயா. பின்னாடி உக்காந்தா எனக்கு இடுப்பு வலிக்கும்."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். உற்சாகம்தான் வந்தது. இடுப்பு வலியா? அது என் தொழிலாயிற்றே! சாக்குச் சொல்வதற்கு இந்த மனிதருக்கு உலகத்தில் வேறு காரணமே கிடைக்கவில்லையா? உலகத்தின் மிகச் சிறந்த பின் இருக்கையைக் கண்டுபிடித்து இவர் முன்னால் நிறுத்துகிறேன், அப்புறம் என்ன சொல்கிறார் பார்ப்போம் என்று மறுநாளே கிளம்பினேன்.

கடலுக்கு அந்தப் பக்கம், புக்கிட் மெர்தாஜாமில் பிரபு என்பவரின் மோட்டார் சைக்கிள் கடை. நாலாவது தலைமுறை மலேசியத் தமிழர், என்னைவிடப் பத்து வயது சின்னவர். கடைக்குள் நுழைந்ததும் நான் வரிசையாக எல்லா வண்டிகளின் பின் இருக்கையையும் கை முஷ்டியால் அமுக்கிக்கொண்டே போனேன். அப்புறம் முழங்காலால். அவர் கொஞ்ச நேரம் பொறுமையாகப் பார்த்தார்.

"அக்கா, கேக்குறேன்னு தப்பா நெனைக்காதீங்க. நீங்க ஓட்டப் போறீங்களா, பின்னால உக்காரப் போறீங்களா?"

"நான்தான் ஓட்டப் போறேன் தம்பி."

"அப்ப முன்னாலதானே லா பாக்கணும்?"

முன்னால் என்ன இருக்கிறது பார்க்க? என் கால் தரையில் எட்ட வேண்டும், கை மடங்காமல் பிடி கிடைக்க வேண்டும், எஞ்சின் நடுவழியில் கழுத்தறுக்கக் கூடாது. அது தேறிவிடும். ஆனால் அங்கே ஒரு சிவப்பு வண்டி நின்றது. அதைச் சொல்லாமல் போனால் நான் பொய் சொன்னவளாவேன். உயரமான, கொக்கு மாதிரி கழுத்து நீட்டிய வண்டி. ஏறி உட்கார்ந்தால் கட்டைவிரல் நுனி மட்டும் தரையைத் தொட்டது. ஆனாலும் அதன் ஹேண்டிலைப் பிடித்ததும் எனக்கு இருபது வயது குறைந்துவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், காதலிக்கிற வயதில்கூட எனக்கு இப்படிப் படபடத்ததில்லை. "எடுத்துக்குறேன்" என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. நல்லவேளையாகத் தொழில்புத்தி விழித்துக்கொண்டது.

"ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்க்கலாமா?"

"இங்க அப்படிக் குடுக்க மாட்டோம் அக்கா. வாங்கினாத்தான் ரோட்டுக்கு."

"சரி. ஸ்டாண்டு போட்டு நிறுத்துங்க. நான் பின்னாடி உக்காந்து பார்க்கிறேன்."

"எவ்ளோ நேரம்?"

"நாப்பது நிமிஷம்."

அவர் என்னைப் பார்த்தார், சிவப்பு வண்டியைப் பார்த்தார், கடைசியில் தலையாட்டினார். இப்படியாக நான், ஓட்டுபவர் இல்லாத வண்டியின் பின் இருக்கையில், கடையின் நட்டநடுவில், கையில் வண்டி விளம்பரத் தாளோடு உட்கார்ந்திருந்தேன். பெட்ரோல் தொட்டிக்கு மூடி வாங்க வந்த ஒரு மலாய்க்காரப் பெரியவர் என்னையும் காலியான முன் இருக்கையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, யாருக்காகக் காத்திருக்கிறாய் என்று மலாயில் கேட்டார். எனக்குத் தெரிந்த அரைகுறை மலாயில், என் கணவருக்காக என்றேன். இந்த இடம் அவருக்கு, நான் பார்த்து வைக்கிறேன் என்று விளக்கவும் செய்தேன். அவருக்கு என்ன புரிந்ததோ, முகம் இரக்கத்தால் நிறைந்துவிட்டது. வெளியே போய், திரும்பி வந்து, ஒரு பாட்டில் தண்ணீரை என் கையில் கொடுத்து, வந்துவிடுவார், வந்துவிடுவார் என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார். பிரபு கணக்கு மேசைக்குப் பின்னால் குனிந்து சிரித்தது எனக்குத் தெரியாதென்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

சிவப்பு வண்டி இருபத்திரண்டாம் நிமிடத்தில் தோற்றது. குறுகலான இருக்கை, ஃபோம் அடங்கி, அடித்தட்டின் விளிம்பு தொடையில் ஏறியது. கால் வைக்கும் இடம் மேலே இருந்ததால் முழங்கால் மடங்கி, பாரமெல்லாம் முதுகுத்தண்டின் அடியில் விழுந்தது. தொப்பூர் டீக்கடை பெஞ்ச் கண்முன் வந்து நின்றது. இறங்கி, அதன் தொட்டியை ஒருமுறை தடவிக்கொடுத்தேன். அழுகை வரும் போலிருந்தது, வெட்கமாகவும் இருந்தது. அடுத்த இரண்டு வார விடுமுறை நாட்களிலும் போய் உட்கார்ந்தேன். பந்தய வண்டி மாதிரி குனிந்து ஓட்டுகிற ஒன்றின் பின் இருக்கை உள்ளங்கை அகலம்தான். ஏழு நிமிடத்தில் எழுந்துவிட்டேன். பெரிய ஸ்கூட்டர் ஒன்று நாற்பது நிமிடமும் தாங்கியது. ஆனால் சக்கரம் சின்னது, மலைப்பாதைக் குழிகள் இடுப்புக்கு அப்படியே வந்து சேரும். மூலையில் சாம்பல் நிறத்தில் ஒன்று, யாரோ மூன்று வருடம் ஓட்டிக் கொடுத்தது, தூசி படிந்து நின்றது. அகலமான இருக்கை, தாழ்ந்த கால்படி, பின்னால் சாய்ந்துகொள்ள மெத்தை வைத்த பெட்டி. இரட்டை சிலிண்டர், அதிர்வில்லை. என் இரண்டு பாதமும் முழுதாகத் தரையில் பட்டன.

"இதுல என்ன குறை தம்பி? ஏன் மூலையில கெடக்குது?"

"குறையெல்லாம் ஒன்னும் இல்ல அக்கா. அழகா இல்ல, அதான் யாரும் கேக்குறதில்ல. இந்த எஞ்சின் ரொம்பத் தாஹான் லா, நல்லா ஒழைக்கும். எண்ணெய் மட்டும் நேரத்துக்கு மாத்துங்க. ஸ்பேர் பார்ட்ஸ் கோத்தா பாருல கேட்டாலும் கெடைக்கும், கிரிக்ல கேட்டாலும் கெடைக்கும்."

நாற்பது நிமிடம் உட்கார்ந்தேன். நாற்பத்தைந்து ஆனது. பிரபு வந்து சொன்ன பிறகுதான் நேரமே தெரிந்தது. எங்கேயும் வலியில்லை. இறங்கிக் காலை ஊன்றினேன், கால் இருந்தது. இடது கால், வலது கால் இரண்டும் இருந்தன. கடை நடுவில் கைதட்டிவிட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, ஸ்டீல் பாத்திரம் வாங்க வேண்டும் என்று பொய் சொல்லி அவரை புக்கிட் மெர்தாஜாமுக்கு வரச் சொன்னேன். அன்றும் கப்சாயில் ஏற மறுத்துவிட்டார். ஒரே படகில்தான் கடலைக் கடந்தோம். நான் வண்டிகள் நிற்கும் இடத்தில் நூறு ஹெல்மெட்டுகளுக்கு நடுவே, அவர் பயணிகள் நாற்காலியில் துறைமுகத்தைப் பார்த்தபடி. அப்புறம் அவர் பேருந்தில் வந்தார். நான் முன்னாலேயே போய்க் காத்திருந்தேன். கடையைப் பார்த்ததும் அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஆனால் திரும்பிப் போகவில்லை. சாம்பல் வண்டியைச் சுற்றி ஒருமுறை நடந்தார். சங்கிலியைத் தொட்டுப் பார்த்தார். டயரை விரலால் அமுக்கினார்.

"உக்காந்து பாருங்க" என்றேன்.

சொல்லிவிட்டு நான் என்ன செய்தேன் தெரியுமா? வண்டிக்கு இடதுபக்கமாகப் போய், ஒதுங்கி, கைப்பையை மடியில் வைக்கத் தோதாகப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் ஏறி உட்காரட்டும், அப்புறம் நான் ஏறலாம் என்று. இருபது வருடப் பழக்கம், உடம்பு தானாகச் செய்தது. அவரும் அதேபோல் காலைத் தூக்கிப் போட்டு நேராக முன்னால் உட்கார்ந்து, ஹேண்டிலைப் பிடித்து, தலையை லேசாகத் திருப்பி, நான் ஏறுவதற்காகக் காத்திருந்தார். சில விநாடிகள் அப்படியே இருந்தோம். கடைக்குள் யாரோ ஸ்பேனரைக் கீழே போட்ட சத்தம் கேட்டது. அப்போதுதான் இருவருக்கும் உறைத்தது. பிரபு சட்டென்று திரும்பி, இல்லாத சாவியை மேசையில் தேட ஆரம்பித்தார். இப்போது இறங்கிவிடுவார், பேருந்து நிறுத்தத்துக்கு நடந்துவிடுவார், அப்புறம் எந்தக் காலத்திலும் இந்தப் பேச்சை எடுக்க முடியாது என்று நினைத்தேன்.

அவர் கிளட்சை ஒருமுறை அமுக்கி விட்டார். "கிளட்ச் கொஞ்சம் டைட்டா இருக்கு. உன் கைக்கு வலிக்கும். லூஸ் பண்ணித் தரச் சொல்லு" என்றார். பிறகு வண்டியிலிருந்து இறங்காமலே, இரண்டு கையையும் ஊன்றி, மெல்லப் பின்னால் நகர்ந்து உட்கார்ந்தார். முன் இருக்கை காலியானது.

"இப்ப என்ன?"

"நாப்பது நிமிஷம் எழுந்திருக்கக் கூடாது."

"அடிப்பாவி, என்னையும் டெஸ்ட்டுக்கு உக்கார வச்சிட்டியா?"

அப்படியே உட்கார்ந்தார். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நான் கேட்டேன், அவர் பதில் சொன்னார். நடுவில் மூன்று டிரைவர்கள் போன் செய்தார்கள். அந்த இருக்கையில் சாய்ந்தபடியே ஒருவரை அவிநாசிக்குள் போகாமல் சுற்றுவழியில் திருப்பிவிட்டார். நேரம் முடிந்ததும் இறங்கினார், தரையில் காலைத் தட்டிப் பார்த்தார், எங்களுக்கு மட்டுமே புரிகிற தீர்ப்பைச் சொன்னார்.

"தொப்பூர் வரைக்கும் தாங்கும்."

"தொப்பூரைத் தாண்டணும்."

"பார்க்கலாம்" என்றார். எங்கள் வீட்டில் பார்க்கலாம் என்றால் சரி என்று அர்த்தம்.

வண்டிக்குச் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து எடுத்தோம். பள்ளி விடுமுறைக் கூட்டம் முடிந்த ஒரு விடிகாலையில் இருவரும் ஜாக்கெட்டை முன்பின்னாக மாட்டிக்கொண்டு கிளம்பினோம். பாலிங் தாண்டியதும் சாலை வளைய ஆரம்பித்தது. ரப்பர் தோட்டங்கள், மூங்கில், சுண்ணாம்புப் பாறைகள். நீண்ட பயணம் எதிலும் நான் இதுவரை சாலையை நேராகப் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. ஒருபக்கமாக உட்கார்ந்தே ஊரெல்லாம் போனவள் நான். கிருஷ்ணகிரி மாந்தோப்பு, டீக்கடை, பஞ்சர் கடை, மைல்கல் என்று சாலையோரம்தான் என் தமிழ்நாடு. எதிரே வருவது என்னவென்று அவர் முதுகுக்குத்தான் தெரியும். இப்போது எதிரே வருவதெல்லாம் எனக்கு, ஓரம் அவருக்கு. இடது கண்ணால் பார்த்து அவர் சொல்லிக்கொண்டே வந்தார். "ஜெயா, துரியான் கடை. ஜெயா, ஒரு குரங்கு குட்டியோட. நீ பார்க்காத, ரோட்டைப் பாரு, நான் சொல்றேன்." சிரிப்பும் கண்ணீரும் சேர்ந்து, என் ஹெல்மெட் கண்ணாடியில் மூச்சின் ஆவி படிந்தது.

கிரிக்குக்கு முன்னால் ஒரு பெரிய இறக்கம். உச்சியை அடைந்தபோது அவருடைய ஹெல்மெட்டுக்குள் போன் ஒலித்தது. காற்றை மீறிக் கத்திப் பேசியதில் எனக்கும் விஷயம் தெரிந்தது. லாரி ஒன்று, புது டிரைவர், முழு லோடு, தொப்பூர் கணவாய் இறங்கப் போகிறான், பயந்துபோய் ஓரங்கட்டி நிற்கிறான். எனக்கு முன்னாலும் சாலை சட்டென்று சரிந்து, ஈரமாக மின்னிக்கொண்டு கீழே போனது. என் விரல்கள் பிரேக்கை இறுக்கின.

"பயப்படாதப்பா" என்றார் பின்னாலிருந்து. "பிரேக்கையே நம்பிட்டு இறங்காத. கியரைக் குறை. எஞ்சினே புடிச்சுக்கும். அவசரமில்ல, மெதுவா வா. நான் லைன்லயே இருக்கேன்."

நான் கியரைக் குறைத்தேன்.